குட்டியானைக்கு ஆடி மாத வைத்தியம்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒன்று மார்கழி, இன்னொன்று ஆடி. பெங்களூரில் இருப்பதால் எங்களுக்கு ஆடி கொஞ்சம் நீளம். கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் அமாவாசைக் கணக்கில் ஆஷாட மாதம் முன்னாடியே பிறந்துவிடும். அது முடிவதற்குள் நம் ஆடி ஆரம்பித்திருக்கும். இரண்டு சாராரும் அந்தந்த மாதத்தில் தாலி கட்ட மாட்டார்கள். நாங்கள் இருக்கும் ஜீவனஹள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே சந்தில் குடியிருப்பதால், அந்த நாட்களில் எங்கள் அண்டாக்கள் கவிழ்ந்தே கிடக்கும். கிறிஸ்தவ வீடுகளின் தவக்காலத்தையும் சேர்த்தால் மார்ச் மாதத்திலும் கொஞ்சம் இடைவெளி உண்டு.

இந்த நாட்காட்டியை வைத்துத்தான் எங்கள் குட்டியானைக்கு, அதாவது டாடா ஏஸுக்கு, இன்ஜின் பட்ஜெட் போடுகிறேன். எங்கள் வீட்டில் சமையல் என் வீட்டுக்காரர், வண்டி நான். அடுப்புப் பக்கம் அவர் என்னை விட மாட்டார், டீசல் கணக்கு நோட்டை நான் அவரிடம் தர மாட்டேன். 2009-ல் கே.ஏ. 03 எண்ணில் பதிவான வண்டி. காக்ஸ் டவுன் மார்க்கெட்டிலிருந்து காய்கறியும், கிடங்கிலிருந்து பாத்திரமும், மண்டபத்துக்கு ஆளும் அடுப்பும் இதில்தான் போகும். பழைய வண்டியின் இன்ஜின் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அது எந்த நாள் என்பதை வண்டி முடிவு செய்யாமல் நாம் முடிவு செய்வதற்குப் பெயர்தான் பராமரிப்புச் செலவு. முகூர்த்த நாள் காலை நாலு மணிக்கு நின்றால் ஐந்நூறு பேருக்கு இட்லி இல்லை. ஆடியில் பத்து நாள் பட்டறையில் நின்றால் யாருக்கும் தெரியாது.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. டாடா மோட்டார்ஸ் 2005 மே மாதம் ஏஸை அறிமுகம் செய்தது. கிரீஷ் வாக் என்ற பொறியாளர் தலைமையிலான குழு உருவாக்கியது. மூன்று சக்கர சரக்கு ஆட்டோ வாங்க நினைப்பவர் நாலு சக்கரத்துக்கு வரவேண்டும் என்பது திட்டம், அதற்கேற்ப விலையை இரண்டேகால் லட்சத்தை ஒட்டி வைத்தார்கள். இன்ஜினைப் புதிதாக வரையவில்லை. இண்டிகா காரில் இருந்த 1405 சிசி நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினில் பாதியை எடுத்தது மாதிரி, 702 சிசியில் இரண்டு சிலிண்டர். பட்டறையில் இண்டிகா இன்ஜினை 475 என்பார்கள், ஏஸ் இன்ஜினை 275 என்பார்கள். முதல் எண் சிலிண்டர் கணக்கு, அடுத்த இரண்டும் சிலிண்டரின் குறுக்களவு, மில்லிமீட்டரில். டாடா 407 லாரியில் வந்த 497-க்கும் இதே கணக்குத்தான். எங்கள் வண்டிக்குச் சக்தி 16 குதிரை, சுமக்க வேண்டியது 750 கிலோ. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டிரைவர் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். ஏழை வீட்டு இன்ஜின் இது. ஆனால் எந்தத் தெருவோர மெக்கானிக்கும் கைவைக்க முடிகிற இன்ஜின் என்பதால்தான் பட்ஜெட் போடவே முடிகிறது.

டேனரி ரோடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் எங்கள் மெக்கானிக். செலவு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், முதலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடிப்பார். மெல்லிய மூச்சு மாதிரி வந்தால் சரி. பொசுபொசுவென்று புகையோடு கையைத் தள்ளினால், "அக்கா, பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துபோய், மேலே வெடிக்க வேண்டிய காற்று கீழே ஆயில் தொட்டிக்குக் கசிகிறது என்று அர்த்தம்.

புகையின் நிறமும் ஒரு ஜாதகம். நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. காலையில் மட்டும் கொஞ்ச நேரம் நீலம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும், அது சின்ன வேலை. ஏற்றத்தில் எல்லாம் நீலம் என்றால் ரிங். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. இன்ஜினைத் திறக்கும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். வெண்புகைக்கு இரண்டு காரணம். சூடானபின்னும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட். டிசம்பர் விடியலில் மட்டும் வந்தால் ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருக்கலாம். இந்த ரக இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பாயாது, ஹெட்டில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் பாய்ந்து அங்கேதான் பற்றும். குளிரில் அந்த அறையைச் சூடாக்கத்தான் ஹீட்டர் பிளக். சென்னையில் ஓடும் ஏஸ்காரர்கள் இதை மறந்தே போயிருப்பார்கள். பெங்களூரில் மார்கழி காலை நாலு மணிக்கு பால் எடுக்கப் போகிறவர்கள் மறக்க முடியாது.

இதோடு என் நோட்டு. இடையில் எவ்வளவு ஆயில் கூடுதலாக ஊற்றினோம், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதுவேன். முன்பு அரை லிட்டர் ஊற்றிய தூரத்தில் இப்போது ஒரு லிட்டர் கேட்கிறதென்றால், அந்த வருட ஆடிக்குள் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட வேண்டும். இந்த நோட்டு இல்லாமல் மெக்கானிக்கிடம் போவது ரத்தப் பரிசோதனைத் தாள் இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி கேட்பதுதான்.

கிலோமீட்டர் என்றேன். அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. டாம்டாம் நிறுவனம் 2024-க்கு வெளியிட்ட கணக்கில் பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக அரை மணிக்கு மேல் ஆகிறது. அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியானால் 10,000 கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டர் காட்டும்போது இன்ஜின் 500 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி என்று ஹைவேயில் மணிக்கு 50-ல் போகிற ஏஸுக்கு அதே 10,000 கிலோமீட்டருக்கு 200 மணி நேரம்தான். மீட்டர் ஒன்று, தேய்மானம் வேறு. சிக்னலில் நிற்கும் வண்டிக்கு ஆயில் சுற்றும், சூடு ஏறும், கரி சேரும், கிலோமீட்டர் மட்டும் நகராது. அதனால் கையேட்டில் போட்டிருக்கும் ஆயில் மாற்றும் தூரத்தைப் பாதியாக்கி வைத்திருக்கிறேன். டீசல் இன்ஜினுக்கான 15 டபிள்யூ 40 ஆயில், கூடவே ஆயில் ஃபில்டர். "ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்க்கா" என்று டிரைவர் தம்பி சொன்னால் கேட்பதில்லை. முழு இன்ஜின் வேலைக்கு ஆகும் பணத்தில் இந்த ஆயில் செலவைப் பல வருடம் ஓட்டலாம்.

டிரைவர்கள் மத்தியில் இன்னொரு பழக்கம், டீசலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். எங்கள் வண்டி பிறந்த காலத்து பி.எஸ். 3 டீசலில் 350 பங்கு இருந்தது. கந்தகம் போனால் வழவழப்பும் போய்விடும், பம்ப் தேய்ந்துவிடும் என்பது அவர்கள் பயம். பயத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வழவழப்புக்கு இந்தியத் தரநிர்ணயத்திலேயே அளவு வைத்திருக்கிறார்கள், சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான மருந்தைக் கலந்துதான் டீசல் பங்க்குக்கு வருகிறது. கந்தகம் குறைந்ததால் ஆயிலில் அமிலம் சேருவதும் குறைகிறது, பழைய இன்ஜினுக்கு அது லாபம். டூ-ஸ்ட்ரோக் ஆயில் காசை டீசல் ஃபில்டருக்கு வைக்கலாம்.

இனி சூட்டுக்கு வருகிறேன். பட்ஜெட்டில் எந்த வரியை வெட்டினாலும் இந்த வரியை வெட்ட விடமாட்டேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமையல்காரர்களுக்கு இது தெரியும். இங்கே திறந்த அண்டாவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக சென்னையைவிட நேரம் எடுக்கும். ரேடியேட்டருக்குள்ளும் அதே தண்ணீர்தான். அது 97-ல் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் மேலே இருக்கும் மூடி. குக்கரின் வெயிட் மாதிரி ஸ்பிரிங் வைத்து உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் கொதிநிலை 110-ஐத் தாண்டிப் போகிறது. அந்த மூடியின் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் பெங்களூரில் மற்ற ஊர்களைவிட முன்னாடியே ரேடியேட்டர் கொதிக்கும். பாத்திரம் ஏற்றிய வண்டி லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் முதல் கியரில் ஊர்ந்தால் போதும். மூடியின் விலை சில நூறு ரூபாய்தான். அதைப் பார்க்காமல் விட்டால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், லேத்துக்குப் போகிற வேலை. சூடேறிய பழைய இன்ஜின்களில் எத்தனையோ ஒரு மூடியில்தான் ஆரம்பித்திருக்கும் என்று பாய் சொல்வார். நம்புகிறேன்.

அடுத்தது தண்ணீர். ஜீவனஹள்ளியில் ஒரு நாள் காவேரி வரும், ஒரு நாள் போர்வெல். போர்வெல் தண்ணீரில் சாதம் வடித்த பாத்திரத்தில் வெள்ளைப் படலம் ஒட்டும், எங்கள் ஆட்கள் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே சுண்ணாம்பு உள்ளே மெல்லிய குழாய்களில் படியும். அங்கே புளி போட்டுத் தேய்க்க முடியாது. பெட்ரோல் பங்க் ஓரத்துக் குழாயில் பிடித்து ஊற்றும் பழக்கத்தை முதலில் நிறுத்தினோம். இப்போது கலந்தே வரும் கூலண்ட் ஒரு கேன் எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். கூலண்ட் வெறும் பச்சைத் தண்ணீர் அல்ல. கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். பெங்களூரில் தண்ணீர் உறையாதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டு காரணமே போதும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட் வால்வு. சூடு ஏறுகிறது என்று போனால் பல பட்டறைகளில் முதலில் இதைப் பிடுங்கி வெளியே போடுவார்கள். சூடு உடனே குறையும், நமக்கும் சந்தோஷம். ஆனால் இன்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வரவே வராது. சூடு வராத டீசல் இன்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். ஜுரம் அடிப்பதாகக் காட்டும் தெர்மாமீட்டரை உடைப்பது வைத்தியம் ஆகாது. வேறொரு பட்டறையில் முன்பு எடுத்துப் போட்டிருந்த வால்வைப் புதிதாக வாங்கி மாட்ட வைத்தேன். அந்த மாதமே டீசல் நோட்டில் வித்தியாசம் தெரிந்தது.

"இன்ஜின் அப்கிரேடு" என்று எங்கள் வண்டிக்குச் செய்தவை எல்லாம் இந்த வகைதான், கேட்டால் சிரிப்பீர்கள். ரேடியேட்டரை மாற்றும்போது கொஞ்சம் தடிமனான கோர் உள்ளதாகப் பார்த்துப் போட்டோம். தண்ணீர்ச் சூடு ஒரு அளவைத் தாண்டினால் கத்தும் பஸ்ஸர் ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள். முள்ளைப் பார்க்காத டிரைவர் உண்டு, கத்தலைக் கேட்காத டிரைவர் கிடையாது. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரைப் புதிதாகத் தடிமனில் போட்டோம், ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனம் பாதி போய்விட்டது. டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மழைக்கு முன் வடித்துவிடுகிறோம். இவ்வளவுதான்.

சக்தியைக் கூட்டும் ஆசை எங்களுக்கும் வராமல் இல்லை. நிறைய அண்டாவோடு ஏற்றத்தில் வண்டி திணறும்போது யாராவது ஒருவர் சொல்வார், "பம்ப்ல கொஞ்சம் டீசல் ஏத்தி விட்டா பறக்கும் மேடம்." பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல் கூடுதலாகப் பாயும் என்பது உண்மை. ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டாமா? டர்போ இல்லாத இன்ஜின் தானாக இழுக்கிற காற்றைத்தான் நம்பியிருக்கிறது. பெங்களூர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னைத் துறைமுகத்தில் 16 குதிரை இழுக்கும் இன்ஜின் இங்கே பதினாலரைக்குப் பக்கத்தில்தான் இழுக்கும். காற்றே குறைவாக இருக்கிற ஊரில் டீசலை ஏற்றினால் எரியாத பங்கு கறும்புகையாக வெளியே போகும். புகைபோகும் வழியில் சூடு ஏறும், பிஸ்டன் தலை வேகும். எமிஷன் டெஸ்டில் பி.எஸ். 3 டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. ஸ்க்ரூ திருப்பிய வண்டி அதை எளிதில் தாண்டும்.

அப்படியானால் டர்போ போட்டுவிடலாமே என்பார்கள். டர்போவுக்கு ஆயில் லைன், அதற்கேற்ற பிஸ்டன், பெரிய ரேடியேட்டர், பலமான கிளட்ச் என்று ஒன்றை இழுத்தால் நாலு வரும். அந்தப் பணத்துக்குப் பெரிய வண்டியே வாங்கலாம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே சொன்னது. எங்கள் தீர்வு எளிது, பெரிய முகூர்த்தத்துக்கு இரண்டு நடை அடிப்போம். ஏற்றத்தில் 750 கிலோவை மீறாமல் இருப்பதுதான் 16 குதிரைக்கு நாம் செய்கிற மரியாதை.

சரி, பேக் கம்ப்ரஷன் கையைத் தள்ளுகிற நாள் வந்துவிட்டது. என்ன வழி?

முதலாவது டாப் ஓவர்ஹால். ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, வளைவு இருந்தால் லேத்தில் சமன்படுத்தி, புதுக் கேஸ்கெட் போடுவது. எங்கள் பக்கத்தில் கூலியோடு 15,000 ரூபாயை ஒட்டி ஆகும். ஆனால் கோளாறு ரிங்கில் இருந்தால் இது வீண். மேல்பாதி இறுகிவிட்டதால் தேய்ந்த கீழ்ப்பாதியில் கசிவு இன்னும் கூடினாலும் கூடும். கம்ப்ரஷன் டெஸ்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து இரண்டு சிலிண்டரையும் அளந்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று சோர்ந்தால் மற்ற மூன்றும் மறைத்துவிடும். எங்கள் வண்டியில் இரண்டே பேர், ஒருவர் படுத்தால் வீடு நின்றுவிடும்.

இரண்டாவது முழு ஓவர்ஹால். இன்ஜினை இறக்கி, சிலிண்டர் தேய்மானத்தை அளந்து, போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவதா என்று லேத்காரர் சொல்ல வேண்டும். கிராங்க்கைத் தேய்த்தால் அதற்குரிய அளவு பேரிங். ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எல்லா சீலும். எங்களுக்கு வந்த செலவு அரை லட்சத்தைத் தொட்டது. இதில் மிச்சம் பிடிக்கிற இடமும் உண்டு, பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. பிஸ்டன், ரிங், பேரிங், பெல்ட் நான்கும் ஜே.சி. ரோட்டில் பில்லோடு நல்ல கம்பெனிச் சரக்காகத்தான் வாங்க வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, போட்ட பணம் எல்லாம் ஒரு நொடியில் குப்பை. மாறாக ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மேனிஃபோல்டு, பிராக்கெட் போன்றவற்றை பழைய உதிரிச் சந்தையான சிவாஜிநகர் குஜ்ரியில் பழசாகவே வாங்கலாம். கெட்டுப்போனாலும் அவை இன்ஜினைக் கொல்லாது.

மூன்றாவது வழி இன்ஜினையே மாற்றுவது. குஜ்ரியில் "ஓடுற கண்டிஷன் இன்ஜின்" கிடைக்கும், விலை ஓவர்ஹாலைவிடக் குறைவாகவும் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இன்னொருவர் வண்டியில் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று யாருக்குத் தெரியும்? அதைவிட முக்கியம் காகிதம். இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. எண் மாறினால் பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும், அதற்கு விற்றவரின் பில், பழைய வண்டியின் ஆவணம் எல்லாம் கேட்பார்கள். காகிதம் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கலாம். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது கஸ்தூரி நகர் அலுவலகத்தில் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார்கள். விபத்தென்றால் இன்ஷூரன்ஸ்காரரும் பார்ப்பார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாடா மோட்டார்ஸே 'புரோலைஃப்' என்ற பெயரில் புதுப்பித்த இன்ஜின்களைப் பழசுக்கு மாற்றாகத் தருகிறது. விலை கூடுதல், ஆனால் பில்லும் உத்தரவாதமும் உண்டு.

நாங்கள் ஓவர்ஹால்தான் செய்தோம், அதையும் ஒரே நாளில் பணம் கொட்டிச் செய்யவில்லை. தை முதல் வைகாசி வரை கல்யாணம் மும்முரமாக இருக்கும்போது, ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் வண்டிக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தேன். வெளியில் ஒரு ஏஸ் வாடகைக்கு எடுத்தால் பாத்திரம் ஏற்றி, இறக்கி, காத்திருந்து திரும்ப 2,000 ரூபாய் ஆகும் அல்லவா? அதில் நாலில் ஒரு பங்கு, 500 ரூபாய். எங்கள் வண்டிக்கு நாங்களே கொடுக்கிற வாடகை மாதிரி. ஆனி மாதத்தில் உதிரிகளை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்தேன். மருமகள் மாவு டப்பாவைத் தேடிப் போய் பிஸ்டன் டப்பாவை எடுத்து வந்தது தனிக் கதை. சரக்கு கையில் இருந்ததால் பட்டறையில் வண்டி "பார்ட்ஸ் வரல" என்று காத்துக்கிடக்கவில்லை. இன்ஜினை இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிட்டோம். பழைய பிளேட் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்தான். ஆனால் அதற்காகத் தனியாக கியர்பாக்ஸை இறக்கினால் கூலி இரண்டு முறை.

இத்தனை வயதான வண்டிக்கு இவ்வளவு ஏன் என்று என் தம்பி கேட்டான். டெல்லியில் 10 வருடத்துக்கு மேல் டீசல் வண்டி ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், இங்கேயும் வந்துவிடும் என்கிறான். டெல்லி சமாச்சாரம் 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெங்களூருக்கு அப்படி ஒன்று இல்லை, இங்கே வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எஃப்.சி.தான். எட்டு வயதுக்குமேல் சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். 15 வயது தாண்டிய வணிக வண்டிக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு. அரசாங்கம் பழைய வண்டியைப் பிடுங்கவில்லை, வைத்திருப்பதற்கு வாடகை கேட்கிறது. அந்தக் கட்டணத்தையும் என் நோட்டில் இன்ஜின் செலவுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். எழுதாமல் போட்ட பட்ஜெட் பொய்.

எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. 2025 ஜூனில் ஏஸ் புரோ பெட்ரோல் வண்டி வந்தபோது அதன் ஆரம்ப விலை 3.99 லட்சமாக இருந்தது. நாலு லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் நாலு வருடத்தில் கட்டினால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல், ஆடியிலும் கட்ட வேண்டும், மார்கழியிலும் கட்ட வேண்டும். எங்களுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் கிடையாது. ஐந்து மாதத் தவணைக்குரிய பணத்தில் எங்கள் இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. தினமும் ஓடுகிற வண்டிக்காரருக்கு, குரியர் சரக்கோ தண்ணீர் கேனோ போடுகிறவருக்கு, இதே கணக்கு தலைகீழாக வரும். அவர் புது வண்டி வாங்குவதுதான் சரி. 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது அவருக்கு இன்னும் சாதகம். உதிரி பாகங்களுக்கும் அதே 18 ஆகிவிட்டதால் எனக்கும் கொஞ்சம் மிச்சம்.

நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு இதுதான். வண்டியை இன்று விற்றால் லட்ச ரூபாயைச் சுற்றி வரும். ஒரு வருடத்தில் இன்ஜினுக்கு அதில் பாதிக்குமேல் கேட்டால் அந்த வருடம் விற்றுவிடுவேன். சேஸிஸ் துருப்பிடித்து வெல்டிங் கேட்டாலும் விற்றுவிடுவேன். இன்ஜினைப் புதுப்பிக்கலாம், கீழே தகரம் உதிர்ந்தால் புது இன்ஜினை எதில் வைப்பது?

ஓவர்ஹால் முடிந்து வண்டி வந்தபோது பாய் ஒரு நிபந்தனை போட்டார். "முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாதி லோடுதான்க்கா. விரட்டக் கூடாது, சும்மா நிறுத்தி ஐடிலிங்லயும் விடக் கூடாது. ஆயிரத்துல ஆயில் மாத்திட்டு ஹெட் போல்ட்டை ஒரு தடவை பாத்துடுவோம்." புது ரிங் சிலிண்டரோடு உரசிப் படியும் வரை இந்தப் பத்தியம். அளவான பளுவில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் படியும், ரொம்பத் தாலாட்டினாலும் படியாது. அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது, செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்கு அன்னதான ஆர்டர்களும் வந்துவிட்டன. எங்கள் வீட்டுக்காரர் பெரிய அண்டாவைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனார், டிரைவர் தம்பி தடுத்தான். "அண்ணா, அக்கா திட்டுவாங்க." அவர் என்னைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன். பெரிய அண்டாக்கள் அந்த மாதம் முழுக்க வாடகை ஏஸில்தான் போயின. அந்த வாடகையை ஆனி மாதமே கணக்கிட்டு இன்ஜின் செலவில் ஒரு வரியாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஓவர்ஹாலுக்குப் பணம் சேர்க்கிறவர்கள் அநேகமாக விட்டுவிடுகிற வரி அது.